கரவெட்டி மதில்கள் சொல்லும் சேதி



வெளியூர் போகிறவர்கள் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று விசாரிப்பார்கள். கோட்டை, கடற்கரை, கோயில், பள்ளிவாசல் என்று பட்டியல் கிடைக்கும். மதில்களைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்த மாதம் நான் உங்களை அழைத்துப் போவது மதில் பார்க்கத்தான்! வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில் இருக்கும் கரவெட்டிக்கு.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் அச்சுவேலி வழியாகப் பருத்தித்துறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள். கோப்பாய் தாண்டினால் செம்மண் தோட்டங்கள். நீர்வேலியில் வாழை. பிறகு புத்தூர், ஆவரங்கால், அச்சுவேலி. அதற்கப்பால் வீடுகள் நின்றுவிடும். அதுதான் வல்லை வெளி. மரமும் இல்லாத பரந்த வெளியும், தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியும், முகத்தில் அறையும் காற்றும்தான் அங்கே. முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியைக் கடந்து சிறிது தூரம் போனால் நெல்லியடிச் சந்தி. கடைகளும் வாகனங்களும் நெருக்கும் அந்தச் சந்தியை ஒட்டியே கரவெட்டி தொடங்கிவிடுகிறது. பனை மரங்களும், குறுகிய ஒழுங்கைகளும், இரு பக்கமும் மதில்களும் வேலிகளுமாக உள்ளே உள்ளே போகும் ஊர்.

கல்விக்குப் பேர்போன மண் இது. தமிழ் அறிஞர் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932இல் பிறந்தது இங்கேதான். விக்னேஸ்வராக் கல்லூரியில் படித்தவர், பின்பு கொழும்பு ஸாஹிராக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். அந்நாளில் ஸாஹிராவின் அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு யாழ்ப்பாணத்து முஸ்லிம் நடத்திய கல்லூரியில் ஒரு கரவெட்டித் தமிழர் படித்து ஆளானார்! படித்தவர்கள் பலர் ஏறிட்டும் பாராத தமிழ்ச் சினிமாவை ஆராய்ச்சிக்குரிய பொருளாக எடுத்து எழுதியவர் அவர். அவருடைய ஊரில் நின்று நாம் சுவரொட்டியைப் படிப்பதில் தவறில்லை.

ஒட்டியது எல்லாம் ஒன்றல்ல

'போஸ்ட்' என்றால் கம்பம். கம்பத்தில் ஒட்டியதால் 'போஸ்டர்' என்று பேர் வந்தது. தமிழில் சுவரொட்டி. தமிழ்நாட்டுச் சகோதரிகளுக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் கறிக்கடை ஞாபகம் வரும். அங்கே ஆட்டின் மண்ணீரலுக்கும் சுவரொட்டி என்றுதான் பேர்!

நெல்லியடிச் சந்தியில் நின்று ஒரு சுற்றுப் பாருங்கள். சாதாரண தர, உயர்தர மாணவருக்கான டியூஷன் வகுப்பு விளம்பரம். நகைக்கடை விளம்பரம். கோயில் திருவிழா அறிவித்தல். வெளிநாடு போக ஆங்கிலம் கற்பிக்கும் நிலையம். புதிய சினிமாப் படம். ஒரு காலத்தில் யாழ்ப்பாண நகரத்து ராஜா, மனோகரா, வின்சர், ரீகல் தியேட்டர்களில் என்ன படம் ஓடுகிறது என்பதைக் குடாநாட்டுக்குச் சொன்னவை இத்தகைய சுவரொட்டிகளே. கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, வாளியில் எடுத்துக்கொண்டு சைக்கிளில் இரவோடு இரவாக வந்து ஒட்டிவிட்டுப் போவார்கள். விடிந்ததும் ஆட்டுக்கு அது ஆகாரம்!

இந்தக் கலை எங்கிருந்து வந்தது? 1790களின் இறுதியில் ஜெர்மனியின் பவேரியாவில் அலோய்ஸ் ஸெனஃபெல்டர் என்பவர், தாம் எழுதிய நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடினார். வழவழப்பான கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதி, கல்லை நீரால் நனைத்து, மேலே அச்சு மையை உருட்டினார். நீர் பட்ட இடம் மையைத் தள்ளிவிட்டது. எழுதிய இடம் மட்டும் பிடித்துக்கொண்டது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது சமையலறையில் நமக்குத் தெரிந்த சங்கதிதான். அதிலிருந்தே கல்லச்சுப் பிறந்தது. 1860களில் பாரிஸில் ஜூல் ஷெரே பல வண்ணச் சுவரொட்டிகளை அச்சிட்டார். 1891இல் துலூஸ் லொத்ரெக் என்ற ஓவியர் ஓர் ஆடலரங்குக்காக வரைந்த சுவரொட்டி அவரை ஊரறியச் செய்தது. ஒட்டிய ஈரம் காயும் முன்னே சுவரொட்டிகளை உரித்துக்கொண்டு போய் வீட்டில் மாட்டியவர்களும் உண்டு. விளம்பரம் கலையானதும், கலை வீட்டு அலங்காரமானதும் இப்படித்தான்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1932இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தேயிலைப் பிரசார சபை, சிலோன் தேயிலையை உலகெங்கும் விளம்பரப்படுத்தியது. கூடையும் சிரித்த முகமுமாகக் கொழுந்து பறிக்கும் பெண் தேயிலை விளம்பரங்களில் நிலைத்துவிட்டாள். அவள் நின்ற மலைச்சரிவு அழகாக இருந்தது. அவள் பிள்ளைகளோடு படுத்துறங்கிய லயன் அறை எந்தப் படத்திலும் வரவில்லை. வாங்குகிறவர் பார்க்க விரும்புவதை மட்டும் காட்டுவது விளம்பரச் சுவரொட்டியின் இயல்பு. கடையில் பை நிறைய வாங்குமுன் இதை நினைவில் வையுங்கள்.

கறுப்பு மையில் ஒரு வாழ்க்கை

சந்தியை விட்டு ஊருக்குள் நடப்போம். மதில்களிலும் மின்கம்பங்களிலும் வேறொரு வகை அறிவித்தலைக் காண்பீர்கள். வண்ணம் குறைவு. நடுவில் ஒரு முகம். மேலே 'கண்ணீர் அஞ்சலி' அல்லது 'மரண அறிவித்தல்'. யாழ்ப்பாணக் கிராமங்களில் ஒருவர் இறந்தால் உறவினரும், படித்த பாடசாலையின் பழைய மாணவரும், சங்கங்களும் இப்படி அச்சடித்து ஒட்டுகிறார்கள். முன்பு வெள்ளைக் கடதாசியில் கறுப்பு எழுத்து மட்டும். இப்போது வண்ணப்படமும் பிளாஸ்டிக் பதாகையும் வந்துவிட்டன. இலங்கை வானொலியின் மரண அறிவித்தலை வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்ட தலைமுறை உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அதுவே மதிலில் எழுத்தாக நிற்கிறது.

அருகே போய்ப் படியுங்கள். வாசகம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. 'கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், கனடாவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும். பிறகு பெயர். அதன்பின் 'காலஞ்சென்ற இன்னார் தம்பதியினரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னின்னாரின் அருமைத் தாயாரும்' என்று உறவெல்லாம் வரிசையாக வரும். மாமி, மைத்துனி, பேத்தி என யாரும் விடுபடமாட்டார்கள். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை அந்த ஒரு தாளில் அடங்கிவிடும்.

பிறப்பிடம், வதிவிடம் என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். பழைய நாளில் அவற்றுக்கு இடையே இருந்த தூரம் பெரிதல்ல. ஒருவர் கரவெட்டியில் பிறந்து பக்கத்து அல்வாயில் வாழ்ந்திருப்பார். யாழ்ப்பாணத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். காயல்பட்டினத்திலும் காத்தான்குடியிலும் உள்ள சகோதரிகளுக்கு இது புதுமையாக இராது. அங்கும் வீடு பெண்ணுக்கே. ஆக, ஆணின் வதிவிடம் மாறியது கலியாணத்தால்.

1983 ஜூலைக்குப் பிறகு தூரம் கூடிவிட்டது. வதிவிடம் என்ற இடத்தில் லண்டன், பாரிஸ், சுவிஸ், நோர்வே, டொரன்டோ என்று ஊர்கள் வந்து உட்கார்ந்தன. சிலருக்கு ஒரு வதிவிடம் போதவில்லை. கொழும்பு, வவுனியா, இந்தியா, ஜெர்மனி என்று நாலைந்து. போர் ஒரு கிராமத்தை எப்படிச் சிதறடித்தது என்பதை அறிய நீங்கள் பெரிய புத்தகம் தேட வேண்டாம். கரவெட்டி மதிலில் ஒரு மரண அறிவித்தலைப் படித்தால் போதும்.

இடையில் இளம் முகங்கள் மட்டுமே மதில்களில் நிறைந்த காலமும் இருந்தது. 1987இல் வடமராட்சியில் பெரும் இராணுவ நடவடிக்கை நடந்தது. அதே ஆண்டு ஜூலை 5ஆம் திகதி நெல்லியடிப் பாடசாலையில் இருந்த இராணுவ முகாம் தாக்கப்பட்டது. அதன் பின்னும் ஆண்டுக் கணக்கில் போர் நீடித்தது. இயக்கங்களில் சேர்ந்து மாண்ட பிள்ளைகளின் படங்கள் சுவரொட்டிகளாக வந்தன. பெற்றவள் சந்தைக்குப் போகும் வழியெல்லாம் மகன் மதிலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். அதன்மேல் மழை பெய்யும், வெயில் அடிக்கும், வேறொரு தாயின் மகனை அதன்மேல் ஒட்டுவார்கள். அவள் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! அதை உணர நாம் எந்தக் கட்சியையும் சேர வேண்டியதில்லை.

அச்சடிக்கவே முடியாத அறிவித்தலும் ஒன்று உண்டு. காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரப் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் வடமராட்சி கிழக்கில் மருதங்கேணியிலும் தொடங்கியது. அவர்கள் கையில் பிள்ளைகளின் படங்கள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றபோது பலர் வேண்டாம் என்றார்கள். அவர்களைப் பொறுத்தவரை 'கண்ணீர் அஞ்சலி' என்று தலைப்பிடப் பேனா எழாது. மதிலில் ஒட்டாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கும் சுவரொட்டி அது.

நமக்கும் இரண்டு சொற்கள்

இந்த இடத்தில் நம் கதையும் வருகிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அது ஒக்டோபர் 30. அதற்குச் சுவரொட்டி ஒட்டவில்லை, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சில மணி நேரத்தில் புறப்பட வேண்டியிருந்தது. ஐந்து மாவட்டங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, மறுபடியும் ஒலிபெருக்கி. இம்முறை இராணுவம் நெருங்கி வந்த வேளையில், வலிகாமத்துத் தமிழ் மக்களை வெளியேறச் சொன்னது. இலட்சக்கணக்கானோர் மழையில் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தார்கள். அதே திகதி! வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த பெண்ணுக்கு மதம் என்ன, மொழி என்ன?

இன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம் முதியவர் ஒருவர் புத்தளத்திலோ கொழும்பிலோ வபாத்தானால், அவருக்கும் பிறப்பிடம் ஒன்று, வதிவிடம் வேறு. ஆனால் அது எங்கே எழுதப்படுகிறது? நமக்குள் ஜனாஸாச் செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும். தாமதிக்காமல் அடக்கிவிடுவோம். படம் வைத்துச் சுவரில் ஒட்டுவது நம் வழக்கமல்ல. அது வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எளிமையாக அடக்குவதில் பெரிய நன்மை இருக்கிறது. ஆனால் ஒலிபெருக்கிச் சொல் காற்றோடு போய்விடுகிறது. எழுதி வைக்கவும் ஆளில்லாவிட்டால், அந்த மனிதர் எங்கே பிறந்தார், எந்தத் தெருவிலிருந்து விரட்டப்பட்டார் என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரவெட்டி மதிலில் இறந்த பெண்ணின் சொந்தப் பெயர் பெரிய எழுத்தில் நிற்கிறது. நம்மிலோ பல இடங்களில் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாயார்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எழுபது வருடம் வாழ்ந்து, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து, ஊருக்குச் சோறு போட்டவளுக்குப் பெயர் இல்லையா? கதீஜா, ஆயிஷா, பாத்திமா என்று நம் தாய்மாரின் பெயர்களைப் பெயராகவே அல்லவா நாம் அறிந்திருக்கிறோம்? ஹதீஸ் அறிவித்த பெண்களின் பெயரையும் தந்தை பெயரையும் தேடித் தேடி எழுதியவர்கள் நம் முன்னோர். பெயர் சொல்வது கூச்சத்துக்குரிய காரியம் என்பது எந்தக் கிதாபிலும் நான் படித்ததில்லை.

யாருடைய சுவர்?

சுவரொட்டியின் நன்மையைச் சொன்ன நான் அதன் தொல்லையையும் சொல்ல வேண்டும். மதிலுக்குச் சுண்ணாம்பு பூசக் காசு சேர்த்தவள் ஒருத்தி; அதில் பசை தடவிப் போகிறவன் வேறொருத்தன். அனுமதி கேட்காமல் பிறர் சுவரில் ஒட்டுவது அவருடைய உரிமையில் கை வைப்பதுதான். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானோடு சேர்த்த மார்க்கம் நம்முடையது. நம் மத்ரஸா ஆண்டு விழாவுக்கும், பயான் நிகழ்ச்சிக்கும், வியாபாரத்துக்கும் ஒட்டும்போது இதை மறக்கலாமா? அல்லாஹ்வின் திருப்பெயர் அச்சிட்ட தாள் மழையில் கரைந்து சாக்கடையில் கிடப்பதைப் பார்த்தும் மனம் பதறாவிட்டால் எப்படி?

சட்டங்களும் உண்டு. தேர்தல் காலத்தில் சுவரொட்டிகளைக் காட்சிக்கு வைப்பதை 1981ஆம் ஆண்டின் நாடாளுமன்றத் தேர்தல் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் ஒட்டுவதும் கிழிப்பதும் நின்றபாடில்லை. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் அழுக்குப் படிந்த சுவர்களைத் துப்புரவு செய்து ஓவியம் தீட்டக் கிளம்பியதைப் பார்த்தோம். தமிழ்நாட்டில் பொது இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்க 1959இலேயே சட்டம் வந்தது. அப்படியிருந்தும், 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில், வீதி நடுவே கட்டியிருந்த கலியாணப் பதாகை சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் பொறியாளர் ஒருவரின் உயிர் போயிற்று. நம் வீட்டுக் கலியாணத்துக்கும் பதாகை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும்போது இதைச் சொல்லுங்கள். கடதாசியாவது மக்கிப் போகும். பிளாஸ்டிக் பதாகை மக்காது, எரித்தால் நச்சுப் புகை.

வீட்டுச் சுவர்

சுவரொட்டி வீட்டுக்குள்ளும் வருகிறது. சிவகாசி அச்சகங்கள் தமிழர் வீட்டுச் சுவர்களுக்கு வருடா வருடம் கலண்டர் படங்களை அனுப்பிவைக்கின்றன. கோவில்பட்டி கொண்டையராஜு போன்ற ஓவியர்கள் வரைந்த தெய்வப் படங்கள் கடல் கடந்தும் போயின. நம் வீடுகளில் கஃபாவும் மதீனாவின் பச்சைக் குவிமாடமும், அரபு எழுத்தணிப் பலகைகளும். மாட்டுவது தவறல்ல. ஆனால் எத்தனை? கூடம் முழுக்க ஆயத்துகளைத் தொங்கவிட்டு, ஒட்டடை படிய விடுவதைவிட, ஒன்றை மாட்டி அதன் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது மேல். பிள்ளையின் அறையில் கிரிக்கெட் வீரர் படம் இருந்தால் உடனே கிழித்தெறியாதீர்கள். ஏன் அவரைப் பிடிக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பேச்சு பெரிய பாடமாகும். பக்கத்தில் உலக வரைபடம் ஒன்றையும் மாட்டுங்கள். உறவுகள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று விரல் வைத்துக் காட்டலாமே!

ஒரு தாளைப் பத்திரப்படுத்துங்கள்

யாழ்ப்பாண மக்களிடம் நாம் கற்க வேண்டிய பழக்கம் ஒன்றுண்டு. இறந்தவரின் 31ஆம் நாளில் அவருடைய வரலாற்றை எழுதி, 'கல்வெட்டு' என்ற சிறு நூலாக அச்சிட்டு வழங்குகிறார்கள். கடதாசியில் அடித்ததற்குக் கல்வெட்டு என்று பேர்! 1841இலேயே 'உதயதாரகை' பத்திரிகை கண்ட மண் அல்லவா? பொருளாதாரத் தடையால் அச்சுக் கடதாசி கிடைக்காதபோது, 'உதயன்' பத்திரிகையைப் பள்ளிக் கொப்பித் தாளில் அடித்து வெளியிட்டவர்களும் இவர்கள்தான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலானபோது, தாளின் அருமையை அவர்கள் இன்னும் ஆழமாக உணர்ந்தார்கள். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம், பெரிய நூல்களோடு இத்தகைய நினைவு மலர்களையும் சிறு பிரசுரங்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறது. குப்பைக்குப் போக வேண்டிய தாள் என்று நாம் நினைப்பது நாளை வரலாறாகிறது.

ஆகவே சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடைக்காரன் ஒட்டிய விளம்பரம் மழையோடு போகட்டும். உங்கள் குடும்பத்தின் கலியாண அழைப்பிதழில் ஒன்று, பாடசாலை விழா அறிவித்தலில் ஒன்று, ஊர்ப் பள்ளிவாசல் நோட்டீஸில் ஒன்று என்று ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். உம்மா உயிரோடு இருந்தால் இன்றே பக்கத்தில் உட்காருங்கள். அவர் முழுப்பெயர் என்ன, எந்த ஊரில், எந்தத் தெருவில் பிறந்தார், எங்கெங்கே வாழ்ந்தார் என்று கேட்டு, ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். அதற்குப் படம் வேண்டாம், வண்ணம் வேண்டாம், பசையும் வேண்டாம். பிறப்பிடம், வதிவிடம், பெயர் - இந்த மூன்றும் இருந்தால் போதும்.